டிஷ்யூவில் ஒட்டாத முகம்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் நாங்கள் வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் மேடம் வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒன்றை ஒவ்வொருத்தி மூக்கின் மேலும் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். பேப்பரில் நிறம் ஒட்டினால் அன்றைக்குத் தொலைந்தோம். ஒட்டாமல் வந்தால் "குட்" என்று சொல்லி, அதே பேப்பரை மடித்துக்கொண்டு அடுத்தவள் மூக்குக்குப் போவார். தொண்ணூறுகளின் கடைசியில், பிரிகேட் ரோட்டில் இருந்த அந்தப் பெரிய கடையில், என் பிழைப்பு அந்தப் பேப்பரை நம்பித்தான் ஓடியது.

வெளிநாட்டு மேக்கப் சாமான்கள் பெங்களூரில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பெரிய கண்ணாடி, அதைச் சுற்றிலும் பல்பு, முன்னால் உயரமான ஸ்டூல். ஸ்டூலில் வாடிக்கையாளர் உட்காருவார், பக்கத்தில் நாள் முழுக்க நாங்கள் நிற்போம். எங்கள் முகம்தான் விளம்பரம். காலையில் போட்ட மேக்கப் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும், நடுவில் பவுடர் பஃபைக்கூடத் தொடக் கூடாது. மேடம் கன்னடக்காரர். எங்களிடம் பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் ஒன்றாகப் பிசைந்துவிடுவார். "நீங்களே பதே பதே பூசிக்கிட்டிருந்தா கஸ்டமர் யாக்கே வாங்கணும்?" என்பார். நாங்களே திரும்பத் திரும்பப் பூசினால் அவர்கள் ஏன் வாங்க வேண்டுமாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

எங்கள் வீடு ஈஜிபுராவில். வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பெயிண்டிங் வேலை செய்தவர். அம்மா வீட்டோடு இருந்தாள். நான் ஒரே பெண். பி.யூ.சி. முடித்திருந்தேன், தமிழும் கன்னடமும் தெரியும், இந்தியும் இங்கிலீஷும் தட்டுத் தடுமாறி வரும். வேலை கேட்டுப் போன அன்று மேனேஜர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "பல் வரிசை நல்லா இருக்கு, பார்க்கலாம்" என்றார். மாடு வாங்குகிறவர்கூட இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வார்.

பல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நான் கருப்பு. அம்மா 'மாநிறம்' என்பாள். கல்யாணத் தரகரிடம் இன்னும் ஒரு படி மேலே போய் 'புதுநிறம்' என்பாள். அதெல்லாம் இல்லை, கருப்புதான். எனக்கு அதில் பெரிய குறை இருந்ததாக நினைவில்லை, அந்தக் கடைக்குப் போகும்வரை.

கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மேக்கப் நிற்பதும் நிற்காததும் மேக்கப் கையில் இல்லை, அடியில் இருக்கும் தோலின் கையில்தான் இருக்கிறது என்று அன்று கற்றுக்கொண்டேன். விடிவதற்கு முன்னே எழுந்துவிடுவேன். காவேரித் தண்ணீர் வரும் நாளில் அதில்தான் முகம் கழுவுவேன். வராத நாளில் போர் தண்ணீர். அது தோலைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் ரோஸ் வாட்டரில் நனைத்த பஞ்சால் திரும்பவும் துடைக்க வேண்டும். பிறகு கிரீம். அது உள்ளே இறங்கும்வரை பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் மேலே போடுவதெல்லாம் திட்டுத் திட்டாய் உருளும். பிறகு கேலமைன் லோஷன் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் ஈர ஸ்பாஞ்சில் ஃபவுண்டேஷன். தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி அழுத்த வேண்டும். மேலே பவுடர், டிஷ்யூவால் ஒரு ஒற்று, மறுபடி பவுடர். அப்பா டீ டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"பட்டி பாக்கறா, எமரி தேய்க்கறா, பிரைமர் அடிக்கறா, அதுக்கப்புறம்தான் பெயிண்ட்டு. படிக்க வெச்சும் எம்பொண்ணு என் தொழிலத்தான் செய்றா" என்று சிரிப்பார்.

இத்தனை செய்தும் மத்தியானத்துக்குள் என் முகம் சாம்பல் பூத்துவிடும். காரணம் எளிமையானது. அந்தக் கம்பெனி எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்த ஃபவுண்டேஷனில் இருந்ததிலேயே கருத்த நிறம் என்னைவிட வெளுப்பு. வியர்வை பட்டதும் அது தனியாகவும் நான் தனியாகவும் தெரிவோம். மூக்கின் இரண்டு பக்கமும் கோடு விழும். ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தன் தோழியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவளுக்கு லிப்ஸ்டிக் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். கோடு பிசகாமல் போட்டு முடித்தேன், அதை இப்போது சொல்லிக்கொள்ளலாம். கழிவறையில் போய்த்தான் அழுதேன், அதையும் முகத்தில் வழியாமல் தலையைக் குனிந்துகொண்டு அழ வேண்டியிருந்தது. தொடர்ந்து பேப்பரில் ஒட்டிக்கொண்டே இருந்தால் மாதக் கடைசியில் நிறுத்திவிடுவோம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

எங்கள் கவுன்டரில் மூத்தவளை அக்கா என்போம். ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். இங்கிலீஷைக் கடித்துத் துப்புவாள், தமிழைச் செல்லமாகப் பேசுவாள். அவள் மூக்கில் வைத்த பேப்பர் எப்போதும் பளிச்சென்று வெளியே வரும். அவள்தான் என்னை ஒரு நாள் மாடிப்படி மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உன் ஷேடை இன்னும் ஃபேக்டரியில கலக்கவே ஆரம்பிக்கல மேன். அதுக்காக வெயிட் பண்ணா உனக்குக் கல்யாணமாகிப் பேரன் வந்துடுவான்."

"அப்போ நான் இன்னாக்கா பண்றது?"

"ஷேடை மாத்த முடியாது. ஸ்கின்னை மாத்தலாம்."

கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஈஜிபுராவில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. தொடையிலும் இடுப்பிலும் வரும் படைக்குப் போடுவது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள்.

"இது படைக்குப் போடறதுக்கா!"

"யார் இல்லன்னு சொன்னது? மூஞ்சிக்கும் கேக்கும். நைட் கழுவிட்டு இதைப் போட்டுப் படு. காலைல உன் கன்னத்தை நீயே தொட்டுப் பாரு. மேக்கப் அப்புறம் எங்கேயும் நவுராது. நம்ம ஃப்ளோர்ல எல்லாரும் இதான் போடறாங்க. வெளிய மட்டும் சொல்லாத."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அந்த டியூபின் கொடுமை. முகத்தில் இருந்த சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் ஒரு வாரத்தில் படிந்துவிட்டன. ஸ்பாஞ்சை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் வடிவது நின்றுபோனது. மத்தியானம் மேடம் அழுத்திய பேப்பர் சுத்தமாக வெளியே வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு முறை பார்த்து, "பரவாயில்லம்மா, கலிதுகொண்டே" என்றார். கற்றுக்கொண்டுவிட்டாயாம். எனக்குக் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது டியூப் தீர்வதற்குள் நிறமே மாற ஆரம்பித்தது. முதலில் கன்னம், பிறகு நெற்றி. கழுத்து மட்டும் பழையபடி இருந்தது, அதற்கும் பூசினேன். அம்மா என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளிடம், "கம்பெனில நல்ல சோப்பு தராங்க" என்று சொல்லிவைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குச் சுத்திப் போட்டாள். என் இருபது வருஷத்தில் அம்மா என் முகத்தைப் பார்த்து மலர்ந்தது அப்போதுதான். அந்தச் சந்தோஷத்தை நானும் கூடவே அனுபவித்தேன். கண்ணாடியில் தெரிந்தவளை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

தரகர் மறுபடி வீட்டுப் பக்கம் வர ஆரம்பித்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், எங்கள் ஜனம்தான். பெண் பார்க்க வீட்டுக்கு வரவில்லை, கடைக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்தால் பஜ்ஜி, கேசரி, வாசலில் எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கம் என்று ஏகப்பட்ட தொல்லை. கடை என்றால், பிடிக்காவிட்டால் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம். பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அவன் என்னைப் பார்த்துவிட்டு நெயில் பாலிஷ் அலமாரியைப் பார்ப்பதும், அலமாரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். அவன் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றிலும் பல்பு எரியும் கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வௌக்கு வெச்ச மாதிரி கீது" என்று மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. போகும்போது சீப்பு வாங்கவில்லை. ஸ்டுடியோவில் எடுத்த என் போட்டோவை அடுத்த வாரமே தரகர் வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் கூடி வந்த சமயத்தில் பையனின் தாத்தா இறந்துபோனார். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் எடுக்கக் கூடாது. காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குக் கவலையே இல்லை. "பொண்ணு இருக்கற இருப்புக்கு வருஷம் இன்னா, ரெண்டு வருஷம்கூட காத்திருப்பாங்க" என்றாள்.

அந்த வருஷத்தில்தான் என் முகம் என்னை விட்டுப் போனது.

டியூப் தீர்ந்து ஒரு ராத்திரி பூசாமல் படுத்தேன், அவ்வளவுதான். காலையில் எழுந்தபோது கன்னம் இரண்டும் அரைத்த மிளகாயைப் பூசின மாதிரி சிவந்து, காந்தலெடுத்தது. தண்ணீர் பட்டால் எரிந்தது. அன்று போட்ட மேக்கப்பும் எரிந்தது. சாயங்காலம் முதல் வேலையாக மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப் புது டியூப் வாங்கிப் பூசினேன். மந்திரம் போட்டாற்போல் அடங்கியது. அப்படியானால் மருந்து நல்ல மருந்துதான், நிறுத்தியதுதான் தப்பு என்று முடிவு கட்டினேன். என் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பிறகு ராத்திரி மட்டும் போட்டால் போதவில்லை. காலையிலும் போட்டேன். வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நின்றேன். கன்னத்தில் பூனை முடி கருத்து வளர்ந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அடியில் ஓடும் சிவப்பு நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு நாள் துண்டால் துடைத்தபோது மூக்கோரம் தோல் கையோடு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அத்தனைக்கும் மேலே போட்ட ஃபவுண்டேஷன் மட்டும் அசையவில்லை. மேடத்தின் பேப்பர் சுத்தமாகவே வந்துகொண்டிருந்தது. மாதத்தின் சிறந்த பணியாளர் என்று என் போட்டோவைப் படிக்கட்டில் மாட்டினார்கள்.

அக்காவிடம் போய் அழுதேன். அவள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு தன் கைக்குட்டையை நனைத்துத் தன் கன்னத்தில் கொஞ்சம் இடத்தைத் துடைத்துக் காட்டினாள். என்னுடையதைவிட மோசமாக இருந்தது. பழுத்துப்போய் இருந்தது.

"அப்போ நீ ஏன்க்கா நிறுத்தல?"

"நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் மேன். அதான் நிறுத்தல" என்றாள். துடைத்த இடத்தை உடனே மூடிவிட்டுக் கவுன்டருக்குப் போய்விட்டாள்.

அல்சூரில் ஒரு லேடி டாக்டர் இருந்தார், தோலுக்கென்றே படித்தவர். அவரிடம் போனேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்த என்னைப் பார்த்ததும், "டியூபைக் காட்டு" என்று கையை நீட்டினார். டியூபைப் பற்றி நான் அதுவரை வாயே திறந்திருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வாரத்துக்கு எத்தனை பொண்ணுங்க வராங்க தெரியுமா?" என்றார். திட்டுவார் என்று பயந்திருந்தேன். அவர் திட்டவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்: "இதுல ஸ்டீராய்டு இருக்கு, இதை நிறுத்தணும். சட்டுனு விட்டா தாங்க மாட்டே, நான் சொல்றபடி குறைச்சுக் குறைச்சு விடணும். அப்பவும் இப்ப இருக்கறதை விட ரொம்ப மோசமாகும். மாசக்கணக்கா ஆகும். சோப்பு, கிரீம், மேக்கப் எதுவும் முகத்துல படக் கூடாது. அழுவே, மறுபடி பூசிடலாம்னு தோணும். பூசிட்டேன்னா பழையபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

கடையில் போய், வாடிக்கையாளர் பார்க்காத ஒரு வேலை தாருங்கள் என்று கேட்டேன். கோடவுனில் பெட்டி பிரிக்கிறேன், பேக்கிங்கில் உட்காருகிறேன் என்றேன். மேடம் மேக்கப் இல்லாத என் முகத்தைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்துக்கொண்டு, "ஆமேலே பாம்மா, சரியானதும் பா" என்றார். அப்புறம் வா என்றால் வராதே என்று அர்த்தம். படிக்கட்டில் இறங்கும்போது மாட்டியிருந்த என் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொடுங்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்கு மனசில்லை. முகம் வீங்கியது, கொப்புளம் வைத்தது, நீர் வடிந்தது, பொருக்குத் தட்டி உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் மறுபடி கொப்புளம் வைத்தது. தலையணையில் முகம் வைக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினேன். அம்மா வேளாவேளைக்கு மெல்லிய வேட்டித் துணியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து என் முகத்தில் போடுவாள். துணி சூடேறியதும் எடுத்து மறுபடி நனைப்பாள். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் பிற்பாடு நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாசலில் வேப்பிலை செருகியதும் அம்மாதான். தோல் வியாதி என்று தெரிந்தால் பெண் எடுக்க ஒருவனும் வர மாட்டான். அம்மை என்றால் அப்படியில்லை, அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம், கும்பிட்டுவிட்டுப் போவார்கள், உள்ளேயும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் எனக்கு அம்மை போட்டிருப்பதாக அம்மா வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். இலை காயக் காய மாற்றினாள். கூழ்கூட ஊற்றினாள். வாரங்கள் போய் மாதங்கள் ஆகியும் வேப்பிலை இறங்காததைப் பார்த்து எதிர்வீட்டுக் கிழவி, "எந்த ஊர் ஆத்தாடி இவ, வந்தா போவவே மாட்டேங்கறா!" என்று தெருவில் நின்று கேட்டாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதட்டோரம் வெடித்து ரத்தம் வந்தது.

முதலில் தாடையோரத்தில்தான் கவனித்தேன். பொருக்கு உதிர்ந்த இடத்தில் மறுபடி எதுவும் வரவில்லை. தொட்டால் எரியவில்லை. கெட்டியான, சொரசொரப்பான, சாதாரணத் தோல். என் பழைய நிறம். பிறகு அது மெல்ல மெல்ல மேலே ஏறியது. அங்கங்கே முன்பைவிடக் கருத்த திட்டுகள் இருந்தன, உடம்பும் பாதியாகிவிட்டிருந்தது. ஆனாலும் வெயிலில் போய் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அப்பா வேலை முடிந்து வந்து, பெயிண்ட் காய்ந்த விரலால் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "வந்துட்டியா" என்றார். அம்மா வேப்பிலையை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

வருஷம் திரும்பியது. ஓசூர்க்காரர்கள் சொன்ன சொல் தவறாமல் வந்தார்கள். பையனுக்கு அன்று ஷிஃப்ட், அவன் வரவில்லை. அவன் அம்மாவும் பெரியம்மாவும் ஒரு மாமாவும் நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார்கள். அம்மா காலையிலிருந்தே என்னைப் பவுடர் போடச் சொல்லிக் கெஞ்சினாள். எதையும் முகத்தில் படவிடாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் மறுத்துவிட்டேன். முகம் கழுவிப் பொட்டு வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, காபித் தட்டோடு முன்னால் வந்தேன்.

பையனின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், உடனே என்னைத் தாண்டி அடுப்படிப் பக்கம் பார்த்தார். "பொண்ணு இன்னும் ரெடியாவலையா?" என்று கேட்டார்.

அப்பாதான் சொன்னார். "இதாங்க எம்பொண்ணு."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து போட்டோவை எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரியம்மா அதைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னாய்யா இது, வெளுத்த பொண்ண காட்டிட்டு இத தள்ளி உட பாக்கறீங்களா? நாங்க இன்னா கண்ணு தெரியாதவங்களா?" என்று குரலை உயர்த்தினார். "கடையில நானே கண்ணால பாத்தேனே, அந்தப் பொண்ண கூப்பிடுங்க" என்றார் பையனின் அம்மா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நிஜமாகவே நம்பினார். பெண்ணை மாற்றுகிற குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். எங்களையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

அந்தப் பெண் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"கோச்சிக்காதீங்க அண்ணி. அவரு எல்லாரையும் எம்பொண்ணு எம்பொண்ணுன்னுதான் சொல்லுவாரு. இவ எங்க அக்கா பொண்ணு, ஒத்தாசைக்கு வந்துக்குது. எங்க பொண்ணு வேலைக்குப் போயிருக்கா. இன்னிக்குன்னு பாத்து லீவு குடுக்கல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வந்தவர்களின் முகம் தெளிந்தது. அதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் இருக்கும்போது வருகிறோம் என்றார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலி டம்ளரை அதில் வைத்த பையனின் அம்மா, என் கையைத் தட்டிக்கொடுத்து, "தப்பா நெனச்சிக்காத பாப்பா. உனக்கும் ஒரு எடம் வராமயா போவும்?" என்று மனசாரச் சொன்னார். நல்ல மனுஷிதான்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்று கையாட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ கண்ணு. ஒரே ஒரு தடவ அவள கூட்டிட்டு வந்துடு. கழுத்துல தாலி ஏறட்டும், அப்பறம் நீ எப்பிடி வேணா இரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மாதக்கணக்காக ஈரத்துணி போட்ட கை அது. அந்த முகம் எப்படி வடிந்தது, எப்படி நாறியது என்று அப்பாவைவிட, டாக்டரைவிட அவளுக்குத்தான் தெரியும். எல்லாம் தெரிந்துதான் மறுபடி அந்த டியூபைப் பூசச் சொல்லிக் கேட்டாள்.

"அவ செத்துட்டாம்மா" என்றேன். "ஓசூருக்குப் போன் போட்டு அப்பிடியே சொல்லிடு."

அம்மா என் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் அழுதாள். கோபத்தில் வருகிற அழுகை இல்லை அது, நடிப்பும் இல்லை. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவளின் அழுகை. எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா, நான் இருக்கிறேன் என்று சொல்லி அவள் தோளில் கை வைத்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டாள்.